மாக் எந்தாவின் கொல்லை

சிங்கப்பூர், ஜாலான் புசார்
1908 ஜனவரி 12

அன்பு மிகுந்த பதுருன்னிசா லாத்தாவுக்குத் தம்பி அஹமது கபீரின் சலாம்.

ஒரு வெள்ளைக்காரரிடம் பொய் சொல்லிவிட்டேன். சின்னப் பொய்யாக இருந்தால் அதைக் கப்பலேற்றி நாகூருக்கு அனுப்ப மாட்டேன். நாற்பத்தாறு வயதில், பாதி நரைத்த தாடியை வைத்துக்கொண்டு, எனக்குத் தெரியாத ஒரு பேச்சைத் தொட்டிலிலேயே கற்றவன் போலச் சொல்லிவிட்டேன். முதலில் வெட்கத்தை இறக்கி வைத்தால்தான் மற்றதை நிம்மதியாக எழுத வரும்.

உடம்பு சுகம். மூட்டுவலி மழைக்கு முன்னால் வந்து, மழை போன பிறகும் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் சுகமா? மச்சானின் இருமல் குறைந்ததா?

நடந்தது இதுதான். பெம்பர்டன் என்று ஒரு துரை இருக்கிறார். நம் ஆட்கள் வாயில் அவர் பம்பரம் துரை. போன வாரம் என் கடைக்கு வந்து இரண்டு கட்டுப் புகையிலை வாங்கினார்.

"வடக்கே சிலேத்தார் ஆற்று முகத்தில் படகிலேயே குடியிருக்கும் ஜனங்களை உனக்குத் தெரியுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"அவர்கள் வீட்டு மருமகன் மாதிரி நான்" என்றேன்.

"அவர்கள் பேசுவது புரியுமா?"

"அவர்கள் நினைப்பதே புரியும் துரை."

எனக்கு உள்ள சம்பந்தம் என்னவென்று உங்களுக்குத் தெரியும். கடை போடுவதற்கு முன்னால் இரண்டு வருஷம் சம்பான் படகில் போய் அவர்களுக்குப் புகையிலையும் பிஸ்கோத்தும் விற்றேன். எனக்குத் தெரிந்த மலாய் அந்த வியாபாரத்துக்கு வேண்டிய மலாய்: எவ்வளவு, மழை வருகிறது, இது புழுத்ததில்லை, நேற்றுத்தான் வந்தது. இதை வைத்துத்தான் நான் இப்போது துரையின் மொழிபெயர்ப்பாளன்.

துரை தேடுவது என்ன தெரியுமா? ஆதியில் மனிதன் காட்டிலும் கரையிலும் கிடைத்ததைப் பொறுக்கித் தின்று திரிந்தானாம். இரும்பு வருவதற்கு முன்னால், கல்லைத் தேய்த்துக் கோடாலி செய்த காலத்தில், ஏதோ ஒரு நாள் குந்தி உட்கார்ந்து, மண்ணைக் கிளறி எதையோ நட்டு, முளைக்கும்வரை காத்திருந்தானாம். பொறுக்கியவன் ஏன் நட்டான்? யார் முதலில் நட்டது? சிலேத்தாரில் கிளிஞ்சல் மேடு ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் அந்தக் காலத்துக் கல் கோடாலி கிடைக்கிறதாம். பக்கத்திலேயே இன்றைக்கும் பொறுக்கித் தின்னும் ஜனம். ஆகையால் விடை அங்கேதான் என்கிறார்.

இதைப் புத்தகமாகப் போடுவாராம். அதில் என் பெயர் வருமாம். மச்சானிடம் மறக்காமல் சொல்லுங்கள். இனிமேல் என்னைச் சுருட்டுக்காரன் என்று கூப்பிட்டால் அச்சில் இருப்பதைக் காட்டுவேன்.

உங்கள் துஆவை நாடும்,
கபீர்

*

நாகூர்
1908 பிப்ரவரி 6

தம்பி கபீருக்கு லாத்தாவின் சலாமும் துஆவும்.

நாங்கள் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், உன் மச்சான் சிரித்துச் சிரித்து இருமலை வரவழைத்துக்கொண்டார். அது நிற்க நேரமாயிற்று. ஆகையால் நான் சுகம், அவர் சுமார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார். "பொறுக்கினவன் ஏன் நட்டான்னு கேக்க ஒரு துரையா? பொஞ்சாதிக்குக் கால் வலிச்சிருக்கும். நான் இங்கேயே இருக்கேன், நீ போய்ப் பொறுக்கிக்கிட்டு வான்னு சொல்லியிருப்பா. போனவன் வரலை. வயிறு சும்மா இருக்குமா, நட்டுட்டா."

எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. நீ கடல் தாண்டிச் சபர் போய் ஆறு வருஷமாகிறது. வாப்பாவும் உம்மாவும் போன பிறகு, உன் பொஞ்சாதியும் போன பிறகு, இந்த ஊரில் உனக்கென்று இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். பொறுக்கியது போதும், ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

தெரியாததைத் தெரியும் என்று சொன்னாயே, அந்தத் துரை என்றைக்காவது கண்டுபிடித்தால் என்ன செய்வாய்?

மழையில் நனையாதே. கொள்ளுத் தண்ணீர் குடி.

லாத்தா

*

ஜாலான் புசார்
1908 பிப்ரவரி 27

லாத்தாவுக்கும், சுமாராக இருக்கும் மச்சானுக்கும் சலாம்.

இங்கே உடம்பு சுகம், மூளை சுகமில்லை. சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை புறப்பட்டோம். துரை, நான், துரையின் மலபார்ச் சமையல்காரன் சங்குண்ணி. சுண்ணாம்புக் கம்பம் என்கிற பேட்டை தாண்டி, மாட்டுக் கொட்டகைகள் தாண்டி, சிராங்கூன் ரோடு முடியும்வரை வண்டி. அப்புறம் சம்பான். இறங்குகிறபோது சேற்றில் என் ஒரு கால் மட்டும் போயிற்று. மற்ற கால் சம்பானில். இரண்டுக்கும் நடுவில் நான் இருந்த கோலத்தைத் துரை படம் எழுதி வைத்துக்கொண்டார். அதுவும் புத்தகத்தில் வருமோ என்று கவலையாக இருக்கிறது.

அங்கே பேச முன்வந்தது ஒரு பெண்பிள்ளை மட்டும்தான். ஐம்பது வயசிருக்கும். சிப்பியைக் கத்தியால் பிளந்துகொண்டே பேசுவாள், நிமிர்ந்து பார்க்க மாட்டாள். எல்லாரும் அவளை மாக் எந்தா என்கிறார்கள். மாக் என்றால் மலாயில் அம்மா, எந்தா என்றால் 'யாருக்குத் தெரியும்' என்று அர்த்தம். எதைக் கேட்டாலும் அதையே சொல்வதால் வந்த பெயர்.

"முதல்ல கிழங்கு நட்டது யாரு?"

"எந்தா."

"உங்க பாட்டன் காலத்துல நட்டாங்களா, காட்டுல எடுத்துத் தின்னாங்களா?"

"எந்தா."

சங்குண்ணிக்கு ஒரே சந்தோஷம். மலையாளத்தில் எந்தா என்றால் 'என்ன' என்று அர்த்தமாம். இவள் நம் நாட்டுக்காரி என்று முடிவு செய்து, எந்த ஊர், எந்த வீடு என்று மலையாளத்தில் கேட்டான். அவள் "எந்தா" என்றாள். அவன் சந்தேகம் தீர்ந்தது.

பிறகு அவள் கிழங்கு தோண்டப் போனாள், நாங்களும் பின்னால் போனோம். இங்கேதான் என் மூளை போயிற்று. காட்டுக் கிழங்கைக் கம்பால் தோண்டி எடுக்கிறாள். அதன் தலையைக் கொடியோடு நறுக்கி, அதே குழியில் வைத்து, காலால் மண்ணைத் தள்ளிவிட்டுப் போகிறாள். அடுத்த வருஷம் வந்தால் அங்கே கிழங்கு இருக்கும். லாத்தா, இது பொறுக்குவதா, நடுவதா? துரை பொறுக்குவது என்று எழுதினார், அடித்தார். நடுவது என்று எழுதினார், அதையும் அடித்தார். கடைசியில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார்.

திரும்பும்போது கிளிஞ்சல் மேட்டைக் காட்டி, "இங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். அவள் முதல் தடவையாக எந்தா சொல்லவில்லை. "இங்க நாங்க தானம்" என்றாள். நம் தானமில்லை. மலாயில் தானம் என்றால் நடுவது. "நட்டார்களாம் துரை" என்றேன். துரை தொப்பியைக் கழற்றிவிட்டார்.

நான் அவளிடம் மலாயில் (துரையை அங்கே துவான் என்பார்கள்), "துவானுக்கு வெயில் தலைக்கேறிடுச்சு. கிழங்குன்னு சொன்னாலே கண்ணு கலங்குது" என்றேன். அவள் சிரித்தாள். துரையும் கூடச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே கூடச் சிரிக்கிற நல்ல மனிதர்.

சலாமுடன்,
மருமகன் கபீர்

*

நாகூர்
1908 மார்ச் 21

தம்பிக்கு லாத்தாவின் சலாம். நலமாக இரு.

உன் கடிதத்தால் எனக்கு இரண்டு நாள் வேலை. நான் படித்தபோது உன் மச்சான் காதில் தானம் என்பது மட்டும் விழுந்திருக்கிறது. ஏழைகளுக்குக் கிழங்கு பங்கிட்டுக் கொடுத்த தரும ஜனம் என்று, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு ஒருவர் கண் கலங்கவும் கலங்கிவிட்டார். இல்லை, அது நடுவது என்று நான் வீடு வீடாகச் சொல்லியனுப்ப வேண்டியிருந்தது.

பார்க்க வந்தவர்கள் என்று எழுதிவிட்டேன். ஒன்றுமில்லை. கட்டிலில் இருப்பதால் நாலு பேர் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள். வைத்தியர் மருந்தை மாற்றியிருக்கிறார்.

உன் துரைக்கு அவரிடமிருந்து ஒரு கேள்வி. மூன்று நாளாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். "மொத மொத நட்டவனுக்கு அது முளைக்கும்னு எப்படித் தெரியும்? பசி நேரத்துல, கையில இருக்கறதத் தின்னாம மண்ணுல போட்டிருக்கானே. அவனுக்கு யார் சொன்னா?" துரையிடம் கேட்டு எழுது. சீக்கிரம் எழுது.

லாத்தா

*

ஜாலான் புசார்
1908 ஏப்ரல் 16

லாத்தாவுக்குக் கபீரின் சலாம். மச்சானுக்கு இரண்டு சலாம், கட்டிலில் இருப்பதற்காக ஒன்று கூடுதல்.

மச்சானின் கேள்வியைத் துரையிடம் கேட்டேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். பிறகு, "உன் மச்சான் என்ன வேலை பார்க்கிறார்?" என்றார். ஓலைப் பாய் வியாபாரம் என்றேன். கேள்வியைக் குறித்துக்கொண்டார். பதில் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது போலிருக்கிறது. எனக்கு அது கொஞ்சம் ஆறுதல்.

இன்னொரு குழப்பம். மாக் எந்தாவின் ஆட்கள் வருஷா வருஷம் ஒரே இடத்தில் படகைக் கட்டி, டுரியான் பழம் தின்று, கொட்டையைத் துப்பிவிட்டுப் போவார்கள். இப்போது அங்கே டுரியான் தோப்பே இருக்கிறது. நட்டவர் யாருமில்லை. ஆனால் தோப்பு இருக்கிறது. துப்பியதை நட்டதாக எழுதலாமா என்று துரை என்னைக் கேட்கிறார். என்னைக் கேட்கிறார், லாத்தா. எழுதலாம் என்றேன்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பில்லாத ஒன்றைத்தான் இனி எழுத வேண்டும்.

எதிர் வீட்டு மலாய்க் குதிரைவண்டிக்காரர் வெள்ளிக்கிழமை மவுத்தாகிவிட்டார். நான் கடையைச் சாத்திவிட்டுப் போவதற்குள் ஜனாஸா அடக்கத்துக்குப் போய்விட்டது. வாசலில் நின்ற அவர் மகனிடம் எங்கே என்று கேட்டேன். "தானம் ஆயிடுச்சு பாய்" என்றான். நான், புத்திசாலி, "எதை நட்டீங்க?" என்றேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

நடுவதற்கும் தானம், புதைப்பதற்கும் தானம். மலாயில் இரண்டுக்கும் ஒரே சொல். எவ்வளவு, மழை வருகிறது என்பதைத் தாண்டி நான் கற்கவில்லை. இங்க நாங்க தானம் என்றாளே, எதைச் சொன்னாள்?

இது ஏன் தலைபோகிற விஷயம் என்றால், துரை இரண்டு மரப்பெட்டி செய்து வைத்திருக்கிறார். எலும்பு கிடைத்தால் லண்டனுக்கு அனுப்ப. மேலே இவர்களுடைய ஆட்கள் இருந்தால் அடியில் அந்தக் கல் கோடாலிக்காரர்கள் இருப்பார்களாம், மேட்டை முழுக்கப் பிளந்து பார்ப்பாராம். அது வெறும் கிழங்குக் கொல்லைதான் என்றால் மேட்டைத் தொட மாட்டாராம், ஓரத்தில் மண் சரிந்த பக்கம் பார்த்தாலே போதுமாம். ஆகையால் மேடு நிற்பதும் போவதும் என் வாயில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அவள் ஆட்களைப் பெட்டியில் போடுவார். சொல்லாமல் விட்டால் என் பெயர் ஒரு பொய்ப் புத்தகத்தில் ஏறும், என்றைக்காவது மலாய் தெரிந்த எவனாவது படித்துச் சிரிப்பான்.

துரை வெயிலுக்குப் பயந்து பினாங்கு மலைக்குப் போயிருக்கிறார். ஜூனில்தான் வருவார். மச்சானிடம் கேட்டு எழுதுங்கள். அவர் சொல்வதைச் செய்கிறேன்.

கபீர்

*

நாகூர்
1908 ஜூன் 1

தம்பி கபீருக்கு லாத்தாவின் சலாம்.

மச்சானின் மருமகன் ஜமால் முகம்மது அன்றைக்கே உனக்கு எழுதிப் போட்டுவிட்டான். ஆகையால் அதை நான் எழுதவில்லை.

நான் இத்தா இருக்கிறேன். நாலு மாதம் பத்து நாளும் உள் அறையில்தான் இருப்பு, வெள்ளைப் புடவையோடு. ஜன்னலில் முருங்கை தெரிகிறது, இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது.

நீ கேட்டதற்கு மச்சானிடம் பதில் வாங்க முடியவில்லை. உன் கடிதம் மூன்று நாள் பிந்தி வந்தது.

மையத்தாங்கொல்லையில் அவர் தலைமாட்டில் மருதாணிக் கொம்பு ஊன்றினார்களாம். துளிர்த்திருக்கிறதாம். நான் போய்ப் பார்க்க முடியாது, ஜமால்தான் சொன்னான்.

வேளைக்குச் சாப்பிடு.

லாத்தா

*

ஜாலான் புசார்
1908 ஜூன் 19

லாத்தாவுக்கும் மச்சானுக்கும் சலாம். இருவரும் சுகமென்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது, ஏனென்றால் உங்கள் கடிதத்தில் முக்கால்வாசியைக் கடல் குடித்துவிட்டது. தபால் பையில் தண்ணீர் புகுந்துவிட்டதாம். மிஞ்சியது மூன்று வரி. 'நான் இதா இருக்கிறேன்' என்று ஒன்று. சிரித்துவிட்டேன். நீங்கள் வேறு எங்கே இருக்கப் போகிறீர்கள்? 'மச்சானிடம் பதில் வாங்க முடியவில்லை' என்று இன்னொன்று. என்ன கோபம் அவருக்கு? போன பெருநாளைக்குச் சட்டைத் துணி அனுப்பவில்லை, அதற்கா? நாற்பது வருஷம் பேசிக்கொண்டே இருந்த மனிதர், எனக்கு ஒரு வார்த்தை வேண்டும் என்கிற நேரம் பார்த்து வாயை மூடிக்கொண்டால் எப்படி? மூன்றாவது, மருதாணி துளிர்த்திருக்கிறது என்று. யார் வீட்டுக் கல்யாணம்?

அவர் பதில் இல்லாததால் நானே மாக் எந்தாவிடம் போனேன். துரை இல்லாமல், தனியாக.

"தானம்னு சொன்னியே, கிழங்கையா, ஆளையா?"

"எந்தா."

"விளையாடாத. துவான் தோண்டப் போறார்."

கத்தி நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

"எங்க?"

"மேட்டுல."

"அங்க கிழங்கு இருக்கு" என்றாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "என் புருஷன் இருக்கார். ரெண்டு பிள்ளைங்க இருக்கு. எங்கம்மா இருக்கா."

"அப்போ அந்தக் கிழங்கை நட்டது யாரு?"

"குழியை மூடறப்போ கையில இருக்கறதையும் கூடப் போடுவோம். கொடி வந்தாத்தானே எந்த இடம்னு தெரியும்?"

"அதைத் தோண்டித் தின்பீங்களா?"

"பசிச்சா."

அப்புறம் என்னைக் கேட்டாள். "நீ துவான்கிட்ட என்ன சொன்னே?"

"நட்டீங்கன்னு சொன்னேன்."

"சரியாத்தானே சொல்லியிருக்கே."

லாத்தா, எனக்கு இப்போது எதுவுமே புரியவில்லை. முதலில் மண்ணில் போட்டது கிழங்கையா, ஆளையா? ஆளைப் போட்ட இடத்தில் கிழங்கு வந்ததைப் பார்த்துத்தான் அந்தக் கல் கோடாலிக்காரன் நடக் கற்றானா? துரை தேடுகிற விடை இதுவே என்றால், அதை மறைக்க நான் யார்? யோசித்து யோசித்து, உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அச்சில் ஏறுவது சரியாக ஏறட்டும். பெயர் இருக்கிறதே. அடுத்த வாரம் சனிக்கிழமை, 27ஆம் தேதி, துரை ஆறு ஆட்களோடு வருகிறார்.

மச்சானைச் சமாதானம் செய்யுங்கள்.

கபீர்

*

நாகூர்
1908 ஏப்ரல் 30

மகா கனம் பொருந்திய மாமா அஹமது கபீர் அவர்களுக்கு, ஜமால் முகம்மது எழுதிக்கொண்டது.

தங்கள் மச்சானும் என் மாமாவுமான காதர் மைதீன் அவர்கள் கடந்த செவ்வாய்க்கிழமை, இம்மாதம் 28ஆம் தேதி, அஸர் தொழுகைக்குப் பின் மவுத்தாகிவிட்டார்கள். இன்னா லில்லாஹி. மறுநாள் காலை அடக்கம் ஆயிற்று. மாமி இத்தாவில் இருக்கிறார்கள். நாலு மாதம் பத்து நாள் முடியும்வரை வெளியே வர மாட்டார்கள். தாங்கள் கத்தம் ஓதி துஆ செய்ய வேண்டியது. மாமி யாரிடமும் பேசவில்லை. தாங்கள் அடிக்கடி எழுதினால் நல்லது.

(மேல்விலாசம்: மார்க்கெட் ஸ்திரீட். வேறு மையில்: இங்கே இல்லை, ஜாலான் புசார் போய்விட்டார். 1908 ஜூன் 24.)

*

ஜாலான் புசார்
1908 ஜூன் 29

லாத்தாவுக்கு,

சலாம். ஜமாலின் கடிதம் பழைய கடை விலாசத்தில் கிடந்து, போன புதன்கிழமைதான் என் கையில் வந்தது.

'இத்தா' என்று எழுதியிருந்தீர்கள். நான் 'இதா' என்று படித்தேன். ஒரு எழுத்து கரைந்திருந்தது. புருஷனை இழந்தவள் எழுதியதைப் படித்துச் சிரித்தேன் என்று உங்களுக்கே எழுதிப் போட்டுவிட்டேன். அது இப்போது கப்பலில் போய்க்கொண்டிருக்கிறது. அதை நிறுத்த வழி உண்டா என்று தபாலாபீசில் கேட்டேன், இல்லையாம். வந்தால் படிக்காமல் கிழித்துவிடுங்கள். யார் வீட்டுக் கல்யாணம் என்று வேறு கேட்டிருக்கிறேன்.

மூன்று நாள் கடை திறக்கவில்லை. சனிக்கிழமை மட்டும் வெளியே போனேன், போகாவிட்டால் துரை வேறு ஆளை வைத்துக் கேட்டுக்கொள்வார்.

ஆறு ஆட்களும் மண்வெட்டியோடு மேட்டடியில் நின்றார்கள். இரண்டு பெட்டியும் திறந்திருந்தன. உள்ளே வைக்கோல் பரப்பியிருந்தது. மாக் எந்தா மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். சிப்பியும் இல்லை, கத்தியும் இல்லை.

துரை சொன்னார்: "கபீர், கடைசியாக ஒரு தடவை கேள். தானம் என்றாளே, நட்டதுதானா? அதற்கு வேறு அர்த்தம் ஏதும் உண்டா?"

நான் அவள் பக்கம் திரும்பி மலாயில், "இப்ப நான் ஒரு பொய் சொல்லப் போறேன். நீ தலையை மட்டும் ஆட்டு" என்றேன். அவள் ஆட்டினாள்.

"நட்டதுதான் துரை. வேறு அர்த்தம் கிடையாது" என்றேன்.

துரை பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் அப்படி. பிறகு எழுதினார். எழுதிவிட்டுப் பெட்டிகளை மூடச் சொன்னார்.

நான் அவளுக்காகச் செய்தேன் என்று எழுத ஆசைதான். அந்த வைக்கோலைப் பார்த்தபோது எனக்கு நாகூர் மையத்தாங்கொல்லைதான் தெரிந்தது. நாமும் கொல்லை என்றுதானே சொல்கிறோம். தலைமாட்டில் கொம்பு ஊன்றுகிறோம், அது துளிர்க்கிறது. நம் கொல்லையைக் காட்டி எவனாவது கேட்டாலும் நட்டதாகத்தான் சொல்லியிருப்பேன். சரி செய்தேனா, தப்புச் செய்தேனா தெரியவில்லை. கேட்கலாம் என்றால் மச்சான் இல்லை.

உங்கள் இத்தா முடிவதற்குள் ஊர் வந்துவிட முடியுமா என்று பார்க்கிறேன்.

கபீர்

*

நாகூர்
1908 ஜூலை 24

தம்பிக்கு லாத்தாவின் சலாம். சுகமாக இருக்கிறேன். இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன்.

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. கிழிக்கச் சொன்னதை முதலில் பிரித்துவிட்டேன். கல்யாணம் யாருக்கு என்று கேட்டிருந்தாயே, அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஏப்ரலிலிருந்து நான் சிரித்தது அப்போதுதான். வெளியே ஜமாலின் பொஞ்சாதி பயந்துபோய் கதவைத் தட்டினாள். ஆகையால் அதற்காக அழாதே.

நீ செய்தது சரியா என்று என்னைக் கேட்காதே. எனக்கு மலாயும் தெரியாது, துரையும் தெரியாது. கபீர் போய்க் கபுரைக் கிளறாமல் இருந்தானே, அது போதும்.

உன் மச்சான் கடைசி வாரத்திலும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். முளைக்கும் என்று அவனுக்கு யார் சொன்னது என்று. ஆளைப் போட்ட இடத்தில் கிழங்கு வந்ததைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்கு ஒரு பதில் உன்னிடமிருந்து வந்துவிட்டது போல இருக்கிறது. கேட்க ஆளில்லை, அதனால் நான் வைத்துக்கொள்கிறேன்.

இத்தா முடிய இன்னும் ஆறு வாரம். முருங்கைக் காய் ஓய்ந்துவிட்டது. வருவதானால் வா. புத்தகத்தில் பெயர் வந்ததும் எழுது. பார்க்க வருபவர்களிடம் அவர் ஏற்கனவே சொல்லி வைத்திருக்கிறார்.

லாத்தா

*

ஜாலான் புசார்
1909 பிப்ரவரி 10

லாத்தாவுக்குக் கபீரின் சலாம். ஊரிலிருந்து திரும்பிக் கடையைத் திறந்து ஒரு மாதமாகிறது. மூட்டு சொன்னபடி கேட்கிறது. நீங்கள் கொடுத்தனுப்பிய ஊறுகாயைக் கப்பலில் கூட வந்தவர்கள் பாதி தீர்த்துவிட்டார்கள். உங்கள் உடம்பு எப்படி? தூக்கம் வருகிறதா?

புத்தகம் வந்துவிட்டது. புத்தகம் என்று துரை சொன்னார், முப்பது பக்கம் இருக்கிறது. அதை லண்டனில் அச்சடித்திருக்கிறார்கள். சர்க்கார் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் அஸ்மத்தைக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

காட்டுக் கிழங்கின் தலையைத் திரும்ப வைப்பது வந்திருக்கிறது. துப்பிய டுரியான் தோப்பு வந்திருக்கிறது. பொறுக்குவதற்கும் நடுவதற்கும் நடுவில் கோடு கிழிக்கத் தன்னால் முடியவில்லை என்று துரையே ஒப்புக்கொண்டிருக்கிறார். 'சிலேத்தார் மேட்டில் அவர்கள் நட்டார்கள். அங்கே தோண்டத் தேவையில்லை' என்று ஒரே வரி. மச்சானின் கேள்வியும் இருக்கிறது. 'நாகூர் ஓலைப் பாய் வியாபாரி ஒருவர் கேட்டது, என்னிடம் விடை இல்லை' என்று கடைசிப் பக்கத்தில். அந்த இடத்தை அஸ்மத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னேன்.

என் பெயர் இல்லை. மொழிபெயர்ப்பாளன் என்ற சொல்லே இல்லை. 'வேடிக்கையாகப் பேசும் புகையிலை வியாபாரி ஒருவர் உடன் வந்தார். அவரைக் கண்டு அந்த ஜனங்கள் ஓடவில்லை' என்று மட்டும் இருக்கிறது. தொண்டை வறளக் கத்தி மொழிபெயர்த்ததற்கு இவ்வளவுதான். பார்க்க வருபவர்களிடம் என்ன சொல்வது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேளைக்கு மருந்து சாப்பிடுங்கள். ஜமாலுக்கும் வீட்டில் எல்லாருக்கும் சலாம்.

கபீர்

உறையை ஒட்டுவதற்கு முன் இன்னொன்று. எதற்கு இவ்வளவு கோபம் என்று அஸ்மத் கேட்டான். சொன்னேன். டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான். இந்த ஊருக்குப் புதிதாக வரும் துரைமார்களுக்குப் பத்து வருஷமாக மலாய்ப் பரீட்சை வைப்பவர் பம்பரம் துரைதானாம்.